விருந்தாளி வீடு

ஜூன் 10, திங்கள்

பத்தாம் வகுப்பு இன்று தொடங்கியது. நாலே காலுக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஹாலில் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது. போட்டோ இருந்த இடத்தில் சதுரமாகச் சுவரின் பழைய நிறம் தெரிந்தது.

ஒகேனக்கல்லில் எடுத்த போட்டோ அது. பரிசலில் அம்மா, நான், செம்பு. மூவரும் தொப்பலாக நனைந்திருப்போம். விருந்தாளி வந்தால்தான் அதைக் கழற்றுவோம். இன்று யாரும் வரவில்லை.

யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். போன வருட சயின்ஸ் ரெக்கார்டில் பின்பக்கம் நிறைய வெற்றுத்தாள் இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதிவிட்டு, என் அலமாரியின் அடித்தட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் இருக்கும் அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். டிசம்பர் வரை அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

செம்பு என்றால் செண்பகம். அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, எனக்கு மூன்று வயதில் அவள் வந்தாள். பெயர் சொல்ல வராமல் செம்பு என்றேன், அதுவே நின்றுவிட்டது. ஓசூரில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அக்கம்பக்கத்துக்கு அவள் எங்கள் சின்ன அறையில் வாடகைக்கு இருப்பவள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தானும் செம்புவும் ஒருவருக்கொருவர் யார் என்று சொன்னாள். எனக்கு முன்பே தெரியும். தெரியாததுபோல் கேட்டுக்கொண்டேன்.

திசையன்விளையிலிருந்து எட்வின் மாமா வருகிறார் என்றால் வீட்டை மாற்றுவோம். அவர் அம்மாவின் அண்ணன். செம்புவின் தலையணை சின்ன அறைக்குப் போகும். அவளுடைய பிரஷ், தம்ளர், ஹெல்மெட் எல்லாம் போகும். போட்டோ என் வேலை. இருபது நிமிடம் போதும். செம்பு வெளியே போய்விட்டு, மாமா வந்தபின் காலிங்பெல் அடித்துத்தான் உள்ளே வருவாள். பையில் சாவி இருக்கும். ஆனாலும் பெல்தான். இதற்கு விருந்தாளி வீடு என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

இரவு சாப்பிடும்போது அம்மா அந்த ஆணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

நாலு ஐம்பதுக்கு லேண்ட்லைன் அடித்தது. இன்டர்நெட்டோடு சும்மா வந்த போன் அது. அந்த நேரத்தில் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். எடுத்து ஹலோ என்றேன். பதில் இல்லை. ஆனால் ஆள் இருந்தது. மூச்சு கேட்டது. பத்து எண்ணுவதற்குள் வைத்துவிட்டேன்.

செம்புவின் தம்ளர் இன்று சமையலறையில் இல்லை.

ஜூன் 13, வியாழன்

நேற்றும் இன்றும் அதே நேரத்துக்குப் போன். அதே மூச்சு. இன்று ஹெல்மெட் மாட்டும் கொக்கி காலி. நான் பள்ளியில் இருக்கும்போது யாரோ வீட்டுக்குள் வந்து, எங்கள் வீட்டை விருந்தாளி வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவசரமே இல்லாமல், தினம் ஒரு பொருள். எந்தப் பொருளை எடுக்க வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

ராத்திரி அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் தரப் பிரிவு மேனேஜர். வெளிநாட்டுக் கம்பெனி. இன்று ஹெச்.ஆர். நிவேதிதா மேடம் எல்லாரையும் கேன்டீனில் உட்காரவைத்துப் புது விதிப் புத்தகத்தை விளக்கினாராம். ஆணை விரும்பும் ஆணையோ, பெண்ணை விரும்பும் பெண்ணையோ அதற்காக யாரும் கேலி செய்யக் கூடாது, பதவி உயர்வை நிறுத்தக் கூடாது, வேலையை விட்டு எடுக்கக் கூடாது. பதினாலாம் பக்கம்.

"ஸ்டோர்ஸ் மாணிக்கவாசகம் எந்திரிச்சு, 'மேடம், நம்ம கம்பெனில அப்படி யாரும் இல்லியே, இந்தப் பக்கத்தக் கிழிச்சிரலாமா?'ன்னு கேட்டாரு. நான் அவரு பக்கத்துலதான் உக்காந்து உளுந்தவடை தின்னுட்டு இருக்கேன்."

செம்பு சிரிக்கும்போது கழுத்திலிருக்கும் கட்டி ஏறி இறங்கியது. "சரி பியூ, உன் கம்பெனி கேட்டுக்குள்ள நான் உன் ஆளு. கேட்டத் தாண்டி பஸ் ஏறினா வாடகைக்கு இருக்கறவ. எந்த ஸ்டாப்புல மாறுவேன் நானு?"

"உழவர் சந்தை" என்றாள் அம்மா. மறுபடியும் சிரித்தார்கள். செம்பு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் குடித்தாள். உன் தம்ளர் எங்கே என்று அம்மா கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை.

இப்போது இதை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். ஸ்டாருக்கு அடியில் ஒகேனக்கல் போட்டோ இருக்கிறது. நான் வைக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

போன் அடித்தது. எடுக்கவில்லை. முப்பத்திரண்டு தடவை அடித்தது.

ஜூன் 16, ஞாயிறு

மாமா ஞாயிறு தவறாமல், கோவில் ஆராதனை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்வார். மூன்று வாரமாகச் செய்யவில்லை. அம்மா அழைத்தாள். எடுக்கவில்லை. "அங்க சிக்னலே நிக்காது" என்று மீன் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது மாமா என்னைக் கூட்டிப்போய் வளர்க்கிறேன் என்று இங்கே வந்து உட்கார்ந்திருந்தாராம். தகப்பன் இல்லாத பிள்ளையை வாடகை வீட்டில் வைத்து என்ன வளர்ப்பு என்று. அம்மா விடவில்லை. 'இன்னொரு தடவ ஒரு குறை கண்டேன்னா கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிருவேன்' என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா இதை வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று அம்மா சொன்னாள்: "கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் அட்டை அச்சடிக்கிறவன் பெரிய கூத்து பண்ணிட்டான். இங்க அனுப்பாம, நிரந்தர முகவரின்னு என்ன போட்டிருந்தாங்களோ அங்க அனுப்பிட்டானாம். எங்க லைன்ல பாதிப் பேரு அட்டை ஊர்ல கெடக்கு." பிறகு என்னிடம், "நமக்கு இங்கதான வரும்? ரெண்டும் ஒண்ணுன்னு டிக் போட்டுட்டல்லா?"

"ம்" என்றேன்.

ஏப்ரலில் அந்தப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பியது நான்தான். அன்று கடைசி நாள். அம்மா தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள், நான் தட்டினேன். மகள், ஜெமிமா. அடுத்த வரியில் 'இணையர்' என்று ஒரு கட்டம். அம்மாவின் தோசைக் கரண்டி நின்றது.

"போடு. செண்பகம். நாப்பத்தொண்ணு."

"என் வயச ஏன் ஊருக்கே கேக்கறாப்பல கத்தற?" என்றாள் வாசலில் நின்ற செம்பு. அவளுக்கு ஜூலை எட்டாம் தேதி கழுத்தில் ஆபரேஷன். ரேஷன் கார்டு, என் பள்ளிப் படிவம், வீட்டு ஒப்பந்தம், எதிலும் செம்பு எங்களோடு இல்லை. இந்த ஒன்றில்தான் இருந்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்த வரியையே பார்த்தாள். பிறகு இருவரும் பால்கனிக்குப் போய்விட்டார்கள். "மிச்சத்த நீயே போட்டு அனுப்பிருட்டி."

மிச்சம் முகவரிதான். 'இரண்டும் ஒன்றே' என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நான் டிக் செய்யவில்லை. நிரந்தர முகவரியில் மாமா வீட்டைத் தட்டினேன். பள்ளியிலும் அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். அதனால்தான். வேறு காரணம் இல்லை.

ஜூன் 19, புதன்

மேலே நேற்று எழுதியதற்குக் கீழே பென்சிலால் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

*தெரியும். தூங்கு.*

டார்ச்சை அணைத்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. அணைக்காவிட்டாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

நாலு ஐம்பது. இன்று வைக்காமல் காதிலேயே வைத்திருந்தேன். மூச்சு. அதற்குப் பின்னால், தூரத்தில், ஒரு கடிகாரம் பாட ஆரம்பித்தது. தகரத்தில் தட்டுவதுபோல் ஒரு கீர்த்தனை மெட்டு. நடுவில் ஒரு சுரம் விழாது, ஒரு நொடி பல் போன மாதிரி இருக்கும். பிறகு ஐந்து அடித்தது.

எங்கள் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்று.

பத்து நிமிடம் முந்தி ஓடுகிற, ஒரு சுரம் விழாத கடிகாரம் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. மே மாத லீவில் ஊருக்குப் போனால் அதற்குக் கீழேதான் படுத்துத் தூங்குவேன்.

"மாமா?" என்றேன்.

மூச்சு நின்றது. போன் வைக்கப்படவில்லை. நான்தான் வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

அம்மா மதியமே வந்துவிட்டாள். நான் வரும்போது அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

நிவேதிதா மேடம் அவளைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தாராம். உள்ளே ஒரு கடிதம். உங்கள் கம்பெனியில் இன்னார் இப்படி ஒருத்தியோடு வாழ்கிறாள், இவளுக்கு எப்படி வேலை கொடுத்தீர்கள் என்று. பெயர் இல்லை. ஆனால் அது மாமாவின் கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் அம்மா அகர வரிசையே கற்றுக்கொண்டாள்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"'இது உங்க ஃபைல்ல ஏறாது பியூலா. நீங்களே கிழிச்சாலும் சரி, வெச்சுக்கிட்டாலும் சரி. உங்க வேலைய யாரும் தொட முடியாது. இன்னொண்ணு வந்தா எங்க வக்கீல் பதில் எழுதுவாரு'ன்னாங்க. நான் கேட்டேன், 'மேடம், அவங்க என் வீட்டுக்கு வந்தா?' அவங்க தண்ணி குடுத்தாங்க."

கம்பெனியில் கேட்டபோதுதான் தெரிந்ததாம், எங்கள் அட்டைகள் மே இருபத்தேழிலேயே திசையன்விளையில் கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டிருக்கின்றன.

நான் டிக் போடவில்லை என்று சொன்னேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "போட்டோவயும் நீதான கழத்துன?" என்றாள் மெதுவாக. "உனக்குக் கூச்சமா இருக்கும் போலன்னு, கூட்டாளிப் பிள்ளைங்க வருவாங்களோன்னு நெனச்சேன். அதான் கேக்கல."

"நான் கழற்றல."

நாங்கள் இருவரும் அந்த ஆணியைப் பார்த்தோம்.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் அம்மா கோவிலுக்கு, நான் டியூஷனுக்கு. பத்தரைக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முடிந்திருந்தது. தலையணை இல்லை. பிரஷ் இல்லை. செருப்பு ஸ்டாண்டில் இரண்டே அளவு. நாங்கள் மூவரும் சேர்ந்து செய்தால்கூட இத்தனை சுத்தமாக வராது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அவள் ஆபரேஷன் தேதிச் சீட்டும் இல்லை.

ஹாலில், சோபாவின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதன்முதலாக வந்தவள்போல் முழங்காலைச் சேர்த்துவைத்து. செம்பு என்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில்தான் இந்த மாதம் முழுவதிலும் நான் அதிகம் பயந்தேன்.

"டியூஷன் பதினொண்ணு வரைக்குமில்ல?" என்றாள்.

"நீதானா? எல்லாம் நீதானா?"

"ஒரே நாள்ல எடுத்தா உங்கம்மா உடமாட்டா கண்ணு. கொஞ்சங்கொஞ்சமா எடுத்தா கண்ணு பழகிரும்னு பார்த்தேன்." பிறகு, "நோட்டுல கிறுக்குனதும் நாந்தான். போட்டோவ வெக்கறப்போ பாத்தேன். படிச்சிருக்கக் கூடாது. அளுதுட்டே எளுதியிருந்தயா, தாளு ஊறிக் கெடந்துச்சு."

அப்போதுதான் சொன்னாள். ஜூன் ஏழாம் தேதி டிரைவிங் ஸ்கூலில், ஒரு பெரியவர் தன் மகளைச் சேர்க்க வேண்டும், முதலில் தான் ஒரு ரவுண்டு வந்து பார்க்கிறேன் என்றாராம். செம்பு காருக்குப் போனபோது, ஓட்டக் கற்பவர் உட்காரும் இடத்தில் எட்வின் மாமா இருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, நிற்கிற காரில், கண்ணாடி வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் செம்புவும் உட்கார்ந்திருந்தாள். அரை மணி முடிந்ததும் செம்புவின் இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து முன்னால் வைத்து, "பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. நீ போயிட்டேன்னா நான் அவள எடுக்க வரமாட்டேன். ஜூன் கடைசிக்குள்ள" என்று சொல்லி, அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"பியூவோட வேலையத் தொட முடியாது, அதுக்குப் புஸ்தகம் இருக்குது. உன்னயத் தொட்டா நான் என்ன பண்ணுவேன் கண்ணு? அதுக்கு எந்தப் பக்கம்?"

அவள் கிருஷ்ணகிரியில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலியான வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செம்புவுக்கு முப்பது தடவை போன் செய்தாள். பிறகு கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

ஜூன் 25, செவ்வாய்

போன் அடிக்கவில்லை. அடிக்காததுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 29, சனி

மாமா வந்தார். இந்தத் தடவை ரயில் ஏறியதும் போன் இல்லை. காலை பதினொன்றுக்குக் காலிங்பெல். கையில் கருப்பட்டிப் பெட்டியும் முதலூர் மஸ்கோத் அல்வாவும்.

வழக்கம்போல் அம்மாவுக்குப் 'பிரைஸ் தி லார்ட்' சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வீட்டைப் பார்த்தார். ஒவ்வொரு அறையாக எழுந்து போய்ப் பார்த்தார். குளியலறையில் பிரஷ்ஷை எண்ணினார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து அம்மாவிடம், "போயிட்டாளா?" என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

மாமா பைபிளைத் திறந்து, நடுவிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பியூலா. ஜெமிமா. செண்பகம். மூன்றிலும் சின்னதாகப் போட்டோ; செண்பகத்தின் பெயருக்குக் கீழே 'இணையர்'. அவர் அந்த மூன்றையும் ஒன்றாகவேதான் வைத்திருந்தார்.

"ஏட்டி ஜெமி. போன்ல நான்தாம்னு கண்டுபிடிச்சிட்டல்லா?"

"கடிகாரம் மாமா."

"என்ன சொல்லன்னுதான் தெரியல எனக்கு. டெய்லி எடுப்பேன். நீ ஹலோம்பே. ஒங்க அம்மையும் சின்னதுல அப்படித்தான் ஹலோம்பா." மீசையைத் துடைத்துக்கொண்டார். "சரி. அவ போயிட்டா. சொன்னா சொன்ன மாதிரி நானும் போயிருவேன். ஒரு வார்த்தை உன் வாயால கேட்டுட்டு போறேன். இந்த வீட்ல எத்தன பேரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். ரெண்டு என்று சொல் என்று அவள் கண் கெஞ்சியது. சொன்னால் மாமா போய்விடுவார். வேறு ஒன்றும் நடக்காது. வீடு ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய் அட்டைப் பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்துவந்து ஆணியில் மாட்டினேன். கோணலாக மாட்டிவிட்டேன். நேராக்கக் கை வரவில்லை. அம்மாவின் செல்போனை எடுத்து, மாமா முன்னால், ஸ்பீக்கரில் போட்டேன்.

"செம்பு. மாமா வந்திருக்காங்க. நீ வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"பெல் அடிக்காத" என்றேன். "சாவி போட்டுத் தொறந்துட்டு வா."

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மா தண்ணீர் வைத்தாள், மாமா குடிக்கவில்லை. இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரம் இருந்தது. போயிருக்கலாம். போகவில்லை. கீழே டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லிஃப்ட். செருப்புச் சத்தம் எங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் பெல் சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

கையை எடுத்தபோது பூட்டுக்குள் சாவி திரும்பிக்கொண்டிருந்தது.

மாமா எழுந்து நின்றார். செம்புவின் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தார். "இம்புட்டுப் பெருசாவா இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அல்வாவை எடுத்துக்கொள்ளவில்லை. அட்டைகளையும்.

ஜூன் 30, ஞாயிறு

மாமா மன்னித்தாரா, வக்கீலிடம் போவாரா, தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தலையணை, தம்ளர், ஹெல்மெட் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஆனால் செம்பு ஒவ்வொரு பொருளையும் வைத்துவிட்டு ஒரு கணம் அதன்மேல் கை வைத்தே நிற்கிறாள்.

அட்டை தவறிப் போனவர்கள் முகவரியைத் திருத்திக்கொள்ளலாம் என்று கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. சாயங்காலம் அம்மா என்னையே உட்காரச் சொன்னாள். "இந்தத் தடவ நான் பாக்கேன்" என்று பின்னால் நின்றாள்.

மற்ற கட்டங்கள் அப்படியே இருந்தன. நிரந்தர முகவரி மட்டும் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. வேறு காரணம் இல்லை என்று பதினெட்டாம் தேதி எழுதினேன். இருந்தது. இருபது நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய வீட்டை அந்தக் கட்டத்தில் போட எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லுகிறாய் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும்போல்.

நாலு ஐம்பதுக்கு லேண்ட்லைன் அடித்தது.

மூவரும் இருக்கும்போது அது அடித்தது இதுதான் முதல் தடவை. யாரும் அசையவில்லை. பிறகு செம்பு போய் எடுத்தாள்.

"ஹலோ. செண்பகம் பேசறேன்."

காதில் வைத்தபடியே நின்றாள். அந்த அமைதியில் எனக்கும் கேட்டது, தகர மெட்டு, நடுவில் விழாத அந்தச் சுரம், பிறகு ஐந்து அடி. அடித்து முடிந்த பிறகும் அந்தப் பக்கம் வைக்கவில்லை. செம்புவும் வைக்கவில்லை.

"ஆபரேஷன் எட்டாந்தேதி" என்றாள் கடைசியில், மெதுவாக. "காலைல ஏழு மணிக்கு." கேட்கப்பட்டதற்குப் பதிலா, அவளாகச் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை.

நான் திரும்பி எங்கள் வீட்டு எண்ணைத் தட்டினேன். பிறகு தெருவை. பிறகு ஊரை. அம்மா என் தோளுக்கு மேலாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.